ஆர்விட்டுக்கு ஒன்றுமில்லை

"டாக்டர்கிட்ட போயிருந்தேன்" என்று சொன்ன அடுத்த நொடியே, சொன்னதை மறுபடி வாய்க்குள் போட்டுக்கொள்ள வழி உண்டா என்று ஆர்விட் யோசித்தான். வழி இல்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

கேட்டவன் மெர்வின். "செவ்வாய்க்கிழமை உன் டிரக்கை டவுன்ல பாத்தேனே, என்னப்பா சங்கதி?" என்று சும்மாதான் கேட்டான். சங்கதி என்னவென்றால், ஆர்விட் டவுனுக்குப் போய், படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி, தன் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தான். நவம்பர் பிறந்ததும் அதை டிரக்கில் மாட்டிக்கொண்டு டோரீனோடு அரிசோனாவுக்குப் போய், மார்ச் வரை அரைக்கால் சட்டையில் வெயில் காய்வது திட்டம். முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் டோரீன் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

இதை வெளியே சொல்ல முடியாது. காரணம், பனிக்கூடம்.

ரிண்டாலின் பெயர்ப் பலகையில் மக்கள்தொகை 41 என்று இருக்கும். உண்மையில் 29 பேர். பலகையை மாற்ற ஏணி வேண்டும், ஏணி ஊர்க் கொட்டகையில் இருக்கிறது, கொட்டகைச் சாவி செத்துப்போன ஒருவரிடம் இருக்கிறது. ரயில் நின்றுபோனது. பள்ளிக்கூடம் மூடியாயிற்று. தானியக் கோபுரத்தை இடித்தாயிற்று. மிச்சம் இருப்பது ஒரு கடை, ஒரு தேவாலயம், குளிர்காலத்தில் எல்லோரும் கூடி வழவழவென்ற பனித்தரையில் கல் தள்ளி விளையாடும் அந்தத் தகரக் கூடம். ரிண்டால்காரர்கள் தேவாலயத்தைக்கூட விட்டுவிடுவார்கள், பனிக்கூடத்தை விடமாட்டார்கள். ஆனால் அதன் தலைவராக இருக்க மட்டும் ஒருவனும் வரமாட்டான்.

ஏனென்றால் தலைவர் என்றால் மாலை மரியாதை கிடையாது. மைனஸ் முப்பத்தைந்து டிகிரியில் விடியற்காலை எழுந்து போய்ப் பனித்தரையைச் சுரண்ட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், தரையை உறைய வைக்கும், மெர்வினின் அப்பா காலத்துக் கம்ப்ரசரைக் கெஞ்சியும் உதைத்தும் ஓட வைக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை ஒருநாள் ஊரைவிட்டு நகர முடியாது. பத்தொன்பது வருடம் இதைச் செய்த மெர்வின், இந்த வருடத்தோடு போதும் என்று சொல்லிவிட்டான். அதிலிருந்து ஊரில் ஆண்பிள்ளைகள் யாரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பதில்லை. இந்த நேரத்தில், 'குளிர்காலத்துக்கு நான் அரிசோனா போகிறேன்' என்று சொல்கிறவனை ஊர் துரோகி என்று நினைக்கும், அல்லது அவனையே தலைவராக்கிக் காலில் பனிச் செருப்பை மாட்டிவிடும். இரண்டையும் செய்யக்கூடிய ஊர்தான்.

ஆகவே ஆர்விட் டாக்டரைச் சொன்னான்.

ரிண்டாலில் ஒருவன் டாக்டரிடம் போய்வந்தேன் என்றால், என்ன உடம்புக்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். அது அநாகரிகம். மாடு படுத்துக்கொண்டால் அதன் நாலு வயிற்றையும் தனித்தனியாக விசாரிப்பார்கள், மனிதன் படுத்துக்கொண்டால் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பார்கள். கேட்பதில்லை என்பதால், ஆளாளுக்குப் பிடித்த நோயைத் தாங்களே தேர்ந்தெடுத்து அவனுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"மழை வராது போலிருக்கே" என்றார் லாயிட். எண்பத்தாறு வயது. அந்த மேஜைக்கே மூத்தவர், மெர்வினுக்கு முன்னால் பனிக்கூடத் தலைவராக இருந்தவர்.

"வராது" என்றான் மெர்வின்.

"வந்தா நல்லதுதான்."

"அறுப்பு நேரத்துல வந்தா என்ன நல்லது?"

"அதுவும் சரிதான்."

பிறகு மெர்வின் தன் தட்டில் இருந்த பாதி டோனட்டை ஆர்விட் பக்கம் தள்ளினான். மெர்வின் தன் வாழ்நாளில் யாருக்கும் எதையும் தள்ளியதில்லை. கல்லாவுக்குப் பின்னால் தபால்களைப் பிரித்துக்கொண்டிருந்த வில்மா மட்டும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைக்காரி, தபால்காரி, பனிக்கூடத்தின் செயலாளர் எல்லாம் அவளே. நாற்பது வருடமாக அவளே.

கடையிலிருந்து ஆர்விட்டின் வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். அவன் போய்ச் சேர்ந்தபோது டோரீன் வாசலில் நின்றிருந்தாள், கையில் மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரம்.

"மெர்வின் பொண்டாட்டி கிளாரிஸ் வந்துட்டுப் போறா. என்னைக் கட்டிப் பிடிச்சா."

"அப்படியா?"

"முப்பது வருஷமா பக்கத்து நிலம். ஒருநாள்கூட அவ என்னைத் தொட்டதில்ல. என்னய்யா பண்ணித் தொலைச்சே?"

சொன்னான்.

"டிரெய்லர் வாங்கப் போனேன்னு சொல்லாம, டாக்டர்கிட்ட போனேன்னா சொன்னே?"

"வேற எதுவும் வாயில வரலியே."

"பல்லு வலின்னு சொல்றதுக்கென்ன?"

"பல்லு டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார்னு ஊருக்கே தெரியும்."

டோரீன் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். உள்ளே நூடுல்ஸ், மாட்டிறைச்சி, மேலே காளான் சூப். அடியில் 'கிளாரிஸ்' என்று எழுதிய டேப் ஒட்டியிருந்தது. துக்கம் ஒருபக்கம் இருந்தாலும் பாத்திரம் திரும்பி வர வேண்டும்.

"போனைப் போடு. மெர்வின்கிட்ட ஒன்னுமில்லன்னு சொல்லு. இப்பவே சொல்லு."

இங்கேதான் டோரீன் கோட்டைவிட்டாள். அவள் பிறந்தது நூறு மைல் தள்ளி, உக்ரைன்காரர்கள் ஊரில். அங்கே முதுகு பிடித்துக்கொண்டால் மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அழுவார்கள், மறுநாள் கல்யாணத்தில் ஆடுவார்கள். ரிண்டால், நார்வேயிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஊர். இங்கே 'ஒன்னுமில்ல' என்று சொன்னவர்களை அடக்கம் செய்திருக்கிறார்கள். லாயிடின் அண்ணன் தானியம் ஏற்றும் இயந்திரத்தில் கையைக் கொடுத்துவிட்டு, அரை மைல் நடந்தே வீட்டுக்கு வந்து, "ஒன்னுமில்ல, லேசா" என்று சொல்லிவிட்டுச் சமையலறையில் சாய்ந்தார். மெர்வினின் அப்பா மாரடைப்பில் சொன்ன கடைசி வார்த்தை 'பரவாயில்ல'. கல்லறைக் கல்லில் அதைத்தான் செதுக்கியிருக்கிறார்கள்.

ஆர்விட்டுக்கு இது தெரியும். ஆனால் டோரீன் பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்தாள்.

"மெர்வின், நான்தான். காலைல சொன்னேனே, அது... ஒன்னுமில்லப்பா."



"ஒன்னுமில்லயா?" என்றான் மெர்வின்.

"ஒன்னுமே இல்ல."

"ஒன்னுமே இல்லன்னா சொல்றே?" மெர்வினின் குரல் கம்மியது. "சரிப்பா. சரி. நீ படுத்துக்கோ."

மாலைக்குள் இன்னும் எட்டுப் பாத்திரங்கள் வந்தன. ஏழு நூடுல்ஸ். ஒன்று, துருவிய கேரட் போட்ட பச்சை ஜெல்லி. அந்த ஜெல்லியை ரிண்டாலில் சாவுக்குத்தான் செய்வார்கள்.

மறுநாள் ஆர்விட் வேறு வழியில் முயன்றான். ஆளை நேரில் பார்த்தால் நம்பித்தானே ஆக வேண்டும்? நன்றாகச் சவரம் செய்துகொண்டு டிரக்கை எடுத்தான். அந்தப் பக்கத்துச் சாலைகளில் எதிரே வருகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். வணக்கம், நலமா, மழை உண்டா, எல்லாம் அந்த ஒரு விரலில் அடங்கும். அன்று எதிரே வந்த முதல் டிரக்கில் முழுக் கையும் உயர்ந்தது. இரண்டாவது டிரக் ஓரமாக ஒதுங்கி நின்றே விட்டது. மூன்றாவதாக வந்த லாயிட் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

கடை வாசலில் மாடுகளுக்கான உப்புக் கட்டிகள் வந்து இறங்கியிருந்தன. ஒவ்வொன்றும் இருபது கிலோ. ஆர்விட் கையைத் தேய்த்துக்கொண்டு இரண்டை ஒரே மூச்சில் தூக்கினான்.

"பாத்தீங்களா? குதிரை மாதிரி இருக்கேன்!" என்று சொல்லிச் சத்தமாகச் சிரித்தான்.

அதுதான் வினை. ரிண்டாலில் மத்தியானத்துக்கு முன்னால் சத்தமாகச் சிரிக்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. நின்றிருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். மெர்வின் ஓடிவந்து அவன் கையிலிருந்த கட்டிகளை வாங்கிக்கொண்டான்.

"எதுக்குப்பா இதெல்லாம். நாங்க இல்ல?"

"யோவ், எனக்கு நல்லாத்தான் இருக்கு!"

"இருக்கும் இருக்கும்" என்றார் லாயிட். "எங்க சித்தப்பாகூடக் கடைசி வாரத்துல ரெண்டு கன்னுக்குட்டியத் தூக்கினார். அது ஒருமாதிரி வேகம். வரும், போயிடும்."

ஆர்விட் வீட்டுக்குத் திரும்பியபோது மேஜையில் பன்னிரண்டாவது பாத்திரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பாஸ்டர் இன்கெபோர்க் வந்தார். நாலு ஊர் தேவாலயங்களுக்கு அவர் ஒருவரே. எந்த ஊரில் யாருக்கு எப்போது என்று ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு ஓடுகிற மனுஷி. வந்தவர் நேராகச் சமையலறைக்குள் நுழைந்துவிட்டார். மேஜையில் அரிசோனா வரைபடம் விரிந்து கிடந்தது. ஒரு ஊரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம், பக்கத்தில் டோரீனின் கையெழுத்தில் 'நீச்சல் குளம் உண்டு'.

பாஸ்டர் வரைபடத்தைப் பார்த்தார். ஆர்விட் கூரையைப் பார்த்தான்.

"சூடு வேணுமாம் பாஸ்டர்" என்றாள் டோரீன், கண் இமைக்காமல். "டாக்டர் சொல்லியிருக்கார். காய்ஞ்ச சூடு. நாலு மாசம் தொடர்ந்து இருந்தாத்தான் ஏதாவது வழி உண்டாம்."

"நீச்சல் குளம்?"

"வைத்தியம்தான்."

பாஸ்டரின் கண் கலங்கிவிட்டது. ஆர்விட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். "இதை ஊர்ல சொல்லலாமா? எல்லாரும் உங்களுக்காக ஜெபம் பண்ணுவாங்க."

"தாராளமா சொல்லுங்க" என்றாள் டோரீன்.

கார் கண்ணைவிட்டு மறைந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் டோரீன்தான் சிரித்தாள்.

"நல்ல நோயாத்தான்யா பிடிச்சிருக்கே."

"ஊரே வழியனுப்பி வைக்கும் போலிருக்கே!"

"நவம்பர் வரைக்கும் இருமிக்கிட்டு இரு. மார்ச்ல குணமாகித் திரும்பி வந்துடலாம். பாஸ்டருக்கும் ஒரு அற்புதம் கெடைச்ச மாதிரி இருக்கும், பாவம்."

"பனிக்கூடம்?"

"சாகக் கிடக்கிறவனை எவன்யா தலைவரா போடுவான்?"

மூன்று நாளில் முதல்முறையாக ஆர்விட் நிம்மதியாகச் சாப்பிட்டான். நூடுல்ஸ்தான்.

அன்று சாயங்காலமே மெர்வின் வந்து நின்றான். டிரக்கின் டயரை இரண்டு தரம் உதைத்துப் பார்த்தான். ரிண்டாலில் முக்கியமான விஷயம் பேசுவதற்கு முன்னால் டயரை உதைக்க வேண்டும்.

"நாளைக்கு வர்றோம்."

"எதுக்கு?"

"உன் பருப்பு அறுக்க."

ஆர்விட்டுக்குச் சுருக்கென்றது. ஒரு விவசாயி அறுப்பு நேரத்தில் படுத்துக்கொண்டால், ஊரே தன் வேலையைப் போட்டுவிட்டு இயந்திரங்களோடு வந்து ஒரே நாளில் அவன் பயிரை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகும். கூப்பிட வேண்டாம், கூலி கிடையாது, நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் மெர்வினே படுத்துக்கொண்டபோது ஆர்விட்டும் தன் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான், திரும்பும் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறான்.

"வேணாம்ப்பா. உங்க பயிரெல்லாம் முத்தி நிக்குது. எனக்கு ஒன்னு..." ஒன்னுமில்ல என்று சொல்ல வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "நானே மெதுவா அறுத்துக்கறேன்."

"தெரியும். நீ அப்படித்தான் சொல்லுவேன்னு கிளாரிஸ்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்று மெர்வின் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். தோள் லேசாகக் குலுங்கியது.

அவன் போனதும் ஆர்விட் சமையலறையில் இப்படியும் அப்படியும் நடந்தான். "உண்மையைச் சொல்லிடவா?"

"என்னன்னு சொல்லுவே? 'பொய் சொன்னேன், வெயில் காயத்தான்'னா? அப்புறம் நிஜமாவே நீ செத்தா பெட்டியைத் தூக்க நாலு பேர் வருவானா?"

"நம்ம ஊர்ல நாலு பேர் மொத்தமாவே சிரமம்தான்."

"அப்போ வாயை மூடு."

சனிக்கிழமை பனி உலர்ந்ததும் வந்தார்கள். ஒன்பது அறுவடை இயந்திரங்கள், பதினொரு டிரக்குகள், புழுதி வானத்துக்கு எழும்பியது. ஊரின் இருபத்தொன்பது பேரில் ஆர்விட்டையும் டோரீனையும் சேர்த்து இருபத்தாறு பேர் நிலத்தில் இருந்தார்கள். வராத மூவரில் ஒருவர் நிஜமாகவே ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆனால் அவர் வலிக்கிறது, வலிக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆர்விட்டை நிலத்தின் ஓரத்தில் மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்துவரை கம்பளி போர்த்தினார்கள். வெயில் இருபத்தெட்டு டிகிரி. ஐந்து நிமிடத்தில் அவனுக்கு வேர்த்து ஊற்றியது.

"ஐயோ, ஜுரம் ஏறுதே" என்று கிளாரிஸ் இன்னொரு கம்பளியைக் கொண்டுவந்தாள்.

கம்பளியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மெர்வின் அறுப்பதைத்தான் பார்க்க முடியவில்லை. ரிண்டால்காரர்கள் மைசூர்ப் பருப்பை ஆயிரம் ஏக்கரில் விளைவிப்பார்கள், ஒருவரும் அதை வாயில் வைத்ததில்லை, கப்பலில் போய் எங்கோ யாரோ தின்கிறார்கள் என்ற அளவில் தெரியும். ஆனால் அறுக்கத் தெரியும். முழங்காலுக்குக் கீழேயே நிற்கிற பயிர், தரையோடு தரையாக வெட்ட வேண்டும். மெர்வின் நாலு விரல் உயரத்தில் வெட்டிக்கொண்டு போனான். அடிக்காய் மொத்தமும் நிலத்திலேயே நின்றது.

"இறக்குடா... கத்தியைக் கீழே இறக்குடா..." என்று ஆர்விட் பல்லைக் கடித்தான்.

"என்னவோ முனகறாரே" என்றாள் கிளாரிஸ்.

"ஜெபம்" என்றாள் டோரீன்.

மத்தியானத்துக்கு மேல் லாயிடின் இயந்திரம் தலையளவு கல் ஒன்றை விழுங்கியது. எண்பத்தாறு வயதில் நான்தான் ஓட்டுவேன் என்று ஏறியவர். கடகடவென்று ஒரு சத்தம், கத்தி முறிந்து நின்றது. நாலு பேர் இறங்கிவந்து, கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவன் தட்டினான். இன்னொருவன், வேறொரு வருடம் வேறொரு கல் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தான்.

ஆர்விட்டால் முடியவில்லை. கம்பளிகளை உதறிவிட்டு ஓடினான். இயந்திரத்துக்கு அடியில் மல்லாந்து புகுந்து, கல்லை உருட்டித் தள்ளி, கத்தியைக் கழற்றி வேறு பூட்டி, பத்து நிமிடத்தில் முகமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தான். வந்தபிறகுதான் தான் யார் என்பது ஞாபகம் வந்தது. எல்லோரும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள்.

"இந்த நிலைமையிலயும் பாரேன்" என்று கிளாரிஸ் விம்மினாள்.

டோரீன் வந்து அவன் தோளைப் பிடித்தாள். "தள்ளாடிக்கிட்டே நட, பாவி" என்று காதில் சொன்னாள். தள்ளாடினான். இரண்டு பேர் ஓடிவந்து தாங்கிக்கொண்டார்கள்.

நாலரை மணிக்கெல்லாம் முந்நூற்று இருபது ஏக்கரும் முடிந்துவிட்டது. ஆர்விட் தனியாகச் செய்திருந்தால் ஆறு நாள் ஆகியிருக்கும். இயந்திரங்கள் வரிசையாக வந்து நின்று ஒவ்வொன்றாக மூச்சை நிறுத்தின. அதிலிருந்து இறங்கியவர்களின் சொந்த நிலங்களில் கோதுமை முற்றித் தலை சாய்ந்து நின்றது. மேற்கே ஒரு மேகம் வேறு கருத்துக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.  ஆர்விட்டுக்கு வெட்கமாக இருந்தது. விளையாட்டு வெட்கம் இல்லை, பூமிக்குள் போய்விடலாமா என்கிற வெட்கம். இவர்களைத்தானா ஏமாற்றினோம் என்று நினைத்தபோது நிஜமாகவே நெஞ்சு வலித்தது.

டிரக்குகளின் பின்பக்கத்தைத் திறந்து பெண்கள் சாப்பாட்டைப் பரப்பினார்கள். முட்டைக்கோஸ் சுருள், உருளைக்கிழங்கு, பழம் வைத்துச் சுட்ட அப்பம். யாரும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல" என்று எழுந்தான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ரிண்டாலில் அதுவே பெரிய சொற்பொழிவு. ஆனால் வெட்கம் அவனைப் பேச வைத்தது. "இந்த ஊருக்கு நான் என்ன செஞ்சாலும் ஈடாகாது. எங்கிட்ட என்ன வேணும்னாலும் கேளுங்க. இல்லன்னு சொல்லமாட்டேன்."

டோரீன் அவன் காலை மிதித்தாள். பிந்திவிட்டது.

மெர்வின் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "நீயா கேட்டதால சொல்றேன். பனிக்கூடக் கூட்டத்துக்குக் குறைஞ்சது பதினஞ்சு பேர் வேணும். மூணு வருஷமா சேரல. இன்னிக்கு இருபத்தாறு பேர் இருக்கோம். அதனால கூட்டத்தை இங்கயே ஆரம்பிக்கறேன்."

"இங்கயா?" என்றான் ஆர்விட்.

"தலைவர் பேரெல்லாம் கூடத்துச் சுவத்துல, பித்தளைத் தகட்டுல இருக்கு. ஊர்ல நாம வச்சிருக்கிற பெரிய மரியாதை அது ஒன்னுதான். ஆர்விட் பேரு அங்க இல்லாம..." மெர்வின் மூக்கைச் சிந்தினான். "அவன் இருக்கிற வரைக்கும் அவன்தான் தலைவர். நான் முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்" என்றார் லாயிட், மெர்வின் முடிப்பதற்குள்.

பாஸ்டர் அழுதார். கிளாரிஸ் அழுதாள். இருபத்து நாலு கைகள் உயர்ந்தன, சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். டோரீன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அறுத்த நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்விட் தப்பிக்க வழி தேடினான். மாட்டேன் என்று சொல்ல முடியாது, சொன்ன வாய் இன்னும் ஈரமாக இருந்தது. உடம்பு சரியில்லை என்றும் சொல்ல முடியாது, மரியாதையே அதற்காகத்தான். ஆனால் ஒரு கதவு இன்னும் திறந்திருந்தது.

"ரொம்ப சந்தோஷம்" என்றான், குரலை நலிய வைத்துக்கொண்டு. "பேரு இருக்கட்டும். ஆனா குளிர்காலம் பூரா நான் அரிசோனாவுல இருக்கணுமே. டாக்டர் சூடு வேணும்னு..."

"அதையும் யோசிச்சுட்டோம்ப்பா" என்றான் மெர்வின். "இந்த உடம்பை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் எதுக்கு அலையறே? பனிக்கூடத்துக்குப் பின்னாடி கம்ப்ரசர் ரூம் இருக்கே! வெளியே மைனஸ் நாப்பதா இருந்தாலும் உள்ளே சட்டை போட முடியாது. நல்ல காய்ஞ்ச சூடு. பாஸ்டர் சொன்ன உடனேயே நேத்து ராத்திரி கட்டில் போட்டாச்சு."

"ரெட்டைக் கட்டில்" என்றாள் கிளாரிஸ், டோரீனின் கையைத் தட்டிக்கொடுத்து. "நீயும் பக்கத்துலயே இருக்கணும் இல்லயா?"

டோரீன் கையை இழுத்துக்கொண்டாள். கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் மைனஸ் நாற்பது ஒன்றும் பெரிய குளிர் இல்லை.

விஷயம் முடிந்துவிட்டது என்பதால் எல்லோரும் சாப்பாட்டுப் பக்கம் திரும்பினார்கள். மழை வருமா என்று ஒருவர் கேட்க, வராது என்று இன்னொருவர் சொன்னார். வில்மா பனிக்கூடத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தை எடுத்துவந்து டிரக்கின் மூக்கில் விரித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். ஆர்விட் போட்டான்.

வில்மா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, கடைசிப் பக்கத்தைப் புரட்டி, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

"லாயிடுக்குக் கல்லீரல், மெர்வினுக்குக் கிட்னின்னு எழுதியிருக்கேன், உனக்கு எதைப் போடட்டும் ஆர்விட்? நுரையீரலை இன்னும் எந்தத் தலைவரும் எடுத்துக்கல."